குசினியில் வைத்த தூண்டில் பெட்டி

சகோதரங்களே, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தவக்காலம். என் கணவர் அந்தோனி காய்ச்சலில் இறந்து மூன்று மாதம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்புவழிபுரத்து வீட்டில் நானும் வெள்ளச்சி என்ற பூனைக்குட்டியும் மட்டும்தான். தேநீர் ஊற்றும்போது கை தானாக இரண்டாவது கோப்பையையும் எடுக்கும். அதைத் திரும்ப வைக்கிறபோது உயிர் போகும். கடவுளோடு எனக்குக் கோபம். கோயிலையும் விட்டேன், செபத்தையும் விட்டேன்.

அந்தோனியின் தூண்டில் பெட்டி, சமைக்கிற குசினியின் மூலையில் இருந்தது. நீளக் கயிற்றில் நாற்பது தூண்டில் கொக்கிகளைக் கட்டி, பெட்டி விளிம்பில் வரிசையாகக் குத்தி வைத்திருப்பார். கடலால் வந்ததும் கழுவிக் காயவைப்பதுதான் வழக்கம். அவர் கைபட்டது போய்விடுமே என்று நான் கழுவவில்லை. கடைசியாக வைத்த கணவாய் இரைகூட அதிலேயே காய்ந்து கிடந்தது.

அவரோடு ஒரே தோணியில் போன கிண்ணியா ஹனிபா நானா இரண்டு தரம் வந்து, "தங்கச்சி, அந்தப் பெட்டிய என்னட்டத் தாங்க" என்று கேட்டார்.

"அவரை வைச்ச மண் இன்னும் காயேல்ல. அதுக்குள்ள பறிக்க வந்திட்டீங்களோ?" என்று ஏசிக் கலைத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அயல் முழுக்கச் சிலுவைப்பாதைக்குப் போயிருந்தது. குசினியில் ஒரு அலறல். ஓடினேன். கணவாய் மணத்துக்குத் தலை நீட்டிய வெள்ளச்சியின் உதட்டில் தூண்டில் ஏறியிருந்தது. உதற உதற மற்றவையும் கழன்று விழுந்தன. இன்னொன்று முன்னங்காலில் குத்தியது. பூனையைப் பிடித்தால் தூண்டிலை எடுக்க முடியாது, எடுக்கப் போனால் பிடிக்க முடியாது. வேலிக்கு அங்கால் கூப்பிட்டேன். ஒரு குரலும் வரவில்லை. நான் எவ்வளவு தனி என்று அப்போதுதான் விளங்கியது.

முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, இதையும் எடுத்துப்போடாதேயும். ஆரையாவது அனுப்பும்" என்று கத்தினேன். மூன்று மாதத்தில் என் முதல் செபம் அது.

வேலிப் படலை வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஹனிபா நானா, மூன்றாம் தரமாக. நான் வெட்கம் பார்க்கவில்லை.

"நானா, ஓடி வாங்கோ, என்னால ஏலாது!"

"சாக்கால போத்தி அமத்திப் புடிங்க. இழுக்காதீங்க, கிழிச்சிடும்."

தூண்டில் முனையை முன்னுக்குத் தள்ளி வெளியே எடுத்து, முனையிலிருந்த எதிர்முள்ளைக் குறட்டால் நறுக்கி, மிச்சத்தை வந்த வழியே கழற்றினார். காலிலும் அப்படித்தான். அவர் கையெல்லாம் பிறாண்டல், இரத்தம். கழுவத் தண்ணீர் வார்த்தேன்.

"அந்தோனிதான் ஆசுப்பத்திரியில சொன்னான், தங்கச்சி. வீட்ட பூனைக்குட்டி நிக்குது, பெட்டிய எடுத்திரு எண்டு. நீங்க என்னச் சொல்ல விடல்லயே" என்றார்.

அழுதேன். என் கையாலேயே பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளச்சி பால் குடித்தது. அடுத்த வெள்ளி நான் சிலுவைப்பாதைக்குப் போனேன். இப்போது ஊசி நூலையும் எலிப் பாஷாணத்தையும்கூட அலுமாரிக்குள் பூட்டித்தான் வைப்பேன். வீடு இன்னும் வெறிச்சென்றுதான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் குரல் கேட்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும். ஆண்டவருக்கே நன்றி.

தனியே இருக்கிறவர்களே, நீங்களும் கேளுங்கள். அவர் ஆளை அனுப்புவார். நீங்கள் ஏசிக் கலைத்த ஆளாகவே அது இருக்கலாம். உள்ளே விடுங்கள்.