பயணத்தின் நோக்கம்: கடல் பார்க்க

விசா விண்ணப்பத்தை நிரப்ப முத்தையாபுரத்தில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம், நானும் அக்காவும். அக்கா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் பத்தாம் வகுப்பை மூன்றாவது தடவையில் தாண்டியவன். உப்பளம், லாரி, தோணி என்று அலைந்து, கடைசியில் சரக்குக் கப்பலில் சமையல்காரருக்கு எடுபிடியாகச் சேர்ந்தேன். அக்காவுக்கு ஒரே ஆசை, பிரிட்டனை ஒரு தடவை பார்க்க வேண்டும். கூட நான் போவதாக ஏற்பாடு.

கடைக்கார அண்ணாச்சி திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“டீச்சர், எதுக்குப் போறியன்னு கேக்கான். அங்கன சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா?”

“யாரும் இல்ல அண்ணாச்சி. கடல் பாக்கன்னு போடுங்க.”

“கடலா? இங்கன பஸ் ஏறுனா பத்து நிமிஷத்துல கடலு. அதப் பாக்க லண்டனுக்கா போறது?”

“இங்கன உள்ளதுல பாதிக்குத் துறைமுகத்துக்காரன் வேலி போட்டுட்டான். மீதிக்குக் கம்பெனிக்காரன் போட்டுட்டான். அங்கன கரையோரமாவே நாள்கணக்குல நடக்கலாமாம். பெறவு, புஸ்தகம் எழுதுனவங்க இருந்த வீட்டையும் பாக்கணும்னு சேத்துக்கோங்க.”

“அவங்க உயிரோட இருக்காங்களா?”

“செத்து நூறு வருஷம் ஆச்சு.”

“அப்ப எழவு வீட்டுக்குத் துட்டி கேக்கப் போறம்னு போட்டுருவமா?”

அக்கா சிரித்துவிட்டாள். அவளுக்கு நெஞ்சில் ஏற்கெனவே கோளாறு இருந்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். ஆனாலும் அன்று சிரித்தாள்.

விண்ணப்பத்தோடு வைக்க ஒரு கடிதம் வேண்டும் என்றார் அண்ணாச்சி. அக்கா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதி, எனக்குத் தமிழில் சொன்னாள். கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள். அலைக்கு மேலே நீண்டு போகும் மரப்பாலங்கள். ஒருவர் உட்கார்ந்து எழுதிய மேஜையை அவர் போன பிறகும் தலைமுறை தலைமுறையாகத் தூசி தட்டி வைத்திருக்கும் வீடுகள். “நம்ம ஊர்ல எழுதுனவன் வீட்டு வாசல்ல செல்போன் கடை வந்துரும்லா” என்று தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். கடைசியாக ஒரு வரி சேர்த்தாள். என்னுடன் வரும் தம்பி இந்த இடங்களை மூன்று முறை போய்ப் பார்த்தவன், வழி தெரிந்தவன்.

“சரிதானல?”

“சரிதாங்க்கா.”

நான் ஓரிடமும் பார்த்ததில்லை. கப்பல் மூன்று தடவை பிரிட்டன் துறைமுகத்தில் கயிறு கட்டி நின்றது உண்மை. முதல் தடவை, கரையிறங்க அனுமதி கிடைத்த நேரத்தில் மளிகைச் சாமான் லாரி வந்துவிட்டது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதுதான் சமையல்கட்டுக்கு வேலை கூடும். இரண்டாம் தடவை ஆறு மணி நேரத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். மூன்றாம் தடவை, துறைமுகத்துக்குள்ளேயே கப்பல்காரர்களுக்கென்று வைத்திருக்கும் அறைவரை போனேன். அங்கிருந்துதான் அக்காவுக்குப் போன் பேசினேன். “எங்கல நிக்க?” என்று அவள் கேட்டபோது, சுவரோரம் அடுக்கியிருந்த சுற்றுலாத் தாள்களில் ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். அதில் இருந்த பாறையைப் பார்த்துக்கொண்டே, பாறைமேல் நிற்கிறேன் என்றேன். அவள் குரல் அப்படி மலர்ந்ததை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அந்தத் தாள்களை ஒரு கட்டாக எடுத்து வந்து கொடுத்தேன். பிறகு அவள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனேன்.

சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தோம். சில வாரம் கழித்து எங்கள் மில்லர்புரத்து வீட்டுக்கு உறை வந்தது. அக்கா நின்றபடியே பிரித்து, எனக்காக வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். விசா இல்லை என்றுதான் எழுதியிருந்தார்கள். நடுவில் ஓரிடத்தில் குரல் நின்றது. மீதியை மனசுக்குள் படித்தாள்.

“நீ உள்ள வந்ததா ஒம் பாஸ்போர்ட்லயும் இல்லியாம், அவங்க பதிவுலயும் இல்லியாம். நீ ஊரச் சுத்திப் பாத்தேங்கறதுக்கு எந்த அத்தாட்சியும் இல்லங்கான். நான் எழுதுனத நம்ப முடியலயாம்.” கண்ணாடியைக் கழற்றினாள். “மூணு தடவையும் இறங்கலியால?”

“ஒரு தடவ இறங்குனேன். துறைமுகத்துக்குள்ள ஒரு ரூம்புக்கு.”

“அந்தப் பாற?”

“கப்பல்லேருந்து பாத்தேன். தூரத்துல. மழையா இருந்துச்சு. அழுக்குத் துணி காயப்போட்ட மாதிரி தெரிஞ்சிச்சு.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டே, “அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அந்த வரிய எழுதியிருக்க மாட்டேன்ல” என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்ச் சோற்றை வடித்தாள்.

மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று அண்ணாச்சி சொன்னார். அதற்குள் டாக்டர் நெடும்பயணம் கூடாது என்றுவிட்டார். ஐப்பசி மழையில் அக்கா போய்விட்டாள். கடைசிவரை அந்த ஊரைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த உறை வருவதற்குமுன் தினமும் கேட்பாள்.

போன வருஷம் என் கப்பல் நாலாவது முறையாக அங்கே கட்டியது. சமையல்காரரிடம் கெஞ்சி அரைநாள் வாங்கி, கப்பல்காரர்களுக்கு விசா இல்லாமலே தரும் கரையிறங்கும் அனுமதியோடு பஸ் பிடித்துக் கரையோர ஊர் ஒன்றுக்குப் போனேன். அங்கே ஓர் எழுத்தாளர் வீடு இருந்தது, அன்று விடுமுறை. ஜன்னல் வழியாக மேஜையின் ஒரு மூலை தெரிந்தது. உண்மையிலேயே தூசி இல்லை.

கரையில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். அலை திரும்பும்போது கற்கள் உருண்டு, பெரிய அண்டாவில் அரிசி களைவதுபோல் சத்தம் வருகிறது. இதை எந்தத் தாளிலும் போடவில்லை. கடலைப் பார்த்து வரிசையாக மரப்பெஞ்சுகள். ஒவ்வொன்றிலும் சின்னத் தகடு. எழுத்துக்கூட்டிப் படித்தேன். செத்துப்போனவர்களின் பெயர், அதன்கீழ் இந்தக் கடலை விரும்பியவர் என்று ஒரு வரி. அவர்கள் வீட்டு ஆட்கள் போட்டது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

போக முடிந்தவர்கள் போங்கள். அந்தச் சத்தத்துக்காகவும் அந்தப் பெஞ்சுகளுக்காகவும் போகலாம்.

யாரோ ஒரு அம்மாவின் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வழியில் ஒரு கடையில் வாங்கிய சிம்மைப் போனில் போட்டிருந்தேன். யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.