தவமணி அக்காவின் சுண்ணாம்பு மேடு

ஒரு மனிதரின் சாம்பல் ஒரு குன்றை எவ்வளவு மாற்றும்? எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கக்கூடியவர்களிடம் கேட்டேன், தேடிப் படித்தும் பார்த்தேன். திருப்தியான பதில் கிடைக்கவில்லை. இப்படியொரு கேள்வியை வைத்தால் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு வாதாட வரக்கூடிய ஒருவர் இருந்தார். அவர்தான் இப்போது இல்லை.

செய்தி வந்தபோது நான் வேலைத்தளத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். குணம் அண்ணையின் பெயர் இரண்டாவது தடவையும் தொலைபேசியில் தெரிந்தது. அவர் எனக்கு அழைப்பவர் அல்லர். அழைப்பது எப்போதும் அவருடைய மனைவி தவமணி அக்காதான். வெளியே வந்து எடுத்தேன்.

"வாசுகி, தவம் போயிட்டா. விடியப்புறம். நடைக்காரர் எல்லாருக்கும் நீ சொல்லிவிடு, எனக்கு ஏலாது."

ஓம் அண்ணை என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அந்த நடைக்காரர்களான உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்காக ஒரு சிறு விளக்கம்: லண்டனில் மோர்டனிலும் அதைச் சுற்றியும் இருக்கும் நாங்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நகருக்கு வெளியே, சறே மாவட்டத்துக் குன்றுகளில் நடக்கிறோம். பாதை ஒரு வட்டம். கார் நிறுத்துமிடத்தில் தொடங்கி, ஒரு பழைய பிரபுக் குடும்பத்தின் பீச் மரச்சாலை வழியாகப் போய், ஒரு பழைய மாளிகையின் சிக்கிமுக்கிக் கல் பதித்த மதிலைத் தாண்டி, அதன் மேய்ச்சல் நிலத்துக்குள் புகுந்து, சுண்ணாம்புக் குன்றின் சரிவில் ஏறி, காட்டுக்குள்ளால் இறங்கித் தொடங்கிய இடத்துக்கே வரும். ஒரே பாதையில் இத்தனை வருடம் போய் வந்திருக்கிறோம். வேறு பாதை பார்ப்போம் என்று யாராவது சொன்னால், "இதையே இன்னும் பாத்து முடியேல்லை" என்பார் தவமணி அக்கா.

நான் வரலாறு படித்தவள். முதல் நாள் மதிலையும் மாளிகையின் புகைபோக்கிகளையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். சரிவில் ஏறிய பிறகும் திரும்பித் திரும்பி அந்த வீட்டைத்தான் பார்த்தேன். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வீட்டைப் பாத்தது காணும். எதுக்கு மேலை நிக்கிறாய் எண்டு ஒருக்காப் பார்."

புல் என்றேன். அவர் முழந்தாளிட்டு உட்கார்ந்தார், எனக்கும் உட்காரவேண்டியதாயிற்று. சாப்பாட்டுக் கோப்பை அளவு நிலத்தைக் கைகளால் விலக்கிக் காட்டினார். விரல் நகத்தைவிடச் சிறிய மஞ்சள், ஊதா, வெள்ளைப் பூக்கள். கசக்கினால் மணக்கும் ஒரு படர்செடி. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்த இலைகள். இவ்வளவு பூ வருவதற்கு நல்ல வளமான மண்ணாக இருக்கவேண்டும் என்று, புத்திசாலித்தனமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் முன்னே போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா இலங்கையில் விவசாய விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றவர். லண்டனுக்கு வந்தபின் கவுன்சிலில் வேலை செய்தார். குப்பை எடுக்கவில்லை என்று முறைப்பாடு எழுதுபவர்களுக்குப் பதில் எழுதும் வேலை. "நான் நாலு வருசம் படிச்சதெல்லாம் மண்ணை எப்பிடிக் கொழுக்க வைக்கிறதெண்டு. இஞ்சை வந்து பாத்தா, மண் மெலிஞ்சு கிடக்கிறதாலைதான் இவ்வளவும் பூக்குது. இதுக்குப் பசளை போட்டியெண்டா ரெண்டு மூண்டு புல்லு ராசாவாகிடும். மற்றதெல்லாம் செத்துப்போகும்" என்றார். நான் நம்பவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடினேன். அவர் சொன்னது சரி. ஆனால் அன்று அவர் எனக்குச் சொன்ன பூப்பெயர்களில் பாதி பிழை. அடுத்த மாதம் அதைச் சொன்னபோது, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "பெயர் என்ன, அதுகளே வைச்சதே?" என்று கேட்டார்.

நம் நடைக்காரர் யோகனின் தகப்பனாருடைய திவசம் ஒரு நடை நாளில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். யோகன் நடையைத் தவறவிட மனமில்லாமல், வீட்டில் படைத்துவிட்டு, காகத்துக்கு வைக்கவேண்டிய சோற்றை வாழையிலையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மோர்டனில் காகம் வருவதில்லை, குன்றில் நிறைய நிற்கின்றன என்பது அவருடைய கணக்கு. சரிவின் உச்சியிலுள்ள மேட்டில் இலையை விரித்து, பருப்பும் கத்தரிக்காயும் நெய்யுமாகச் சோற்றை வைத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பின்னால் வந்த அக்கா மூச்சிரைக்கக் கத்தினார்.

"டேய் யோகன், என்னடா செய்யிறாய்?"

"அப்பாவுக்கு, மலையிலை..."

"உன்ரை அப்பாவை எனக்கும் தெரியும். அந்த மனுசன் மற்றவையின்ரை காணியிலை ஒரு சோத்துப் பருக்கையும் போடமாட்டார். எடு!"

"காகம் தின்னும்தானே அக்கா."

"தின்னாட்டி? நெய்யும் பருப்பும் இந்த மண்ணுக்குள்ளை இறங்கும். காகத்துக்கு வைக்கிறதெண்டா கார் பார்க்கிலை வை!"

நாற்பது வயது யோகன், நாங்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினார். கடைசியில் அக்காவும் பக்கத்தில் குந்தியிருந்து பொறுக்கிக் கொடுத்தார். கீழே இறங்கியதும் கார் நிறுத்துமிடத்து மதிலில் சோற்றை வைத்தார்கள். காகங்கள் உடனே வந்தன. "பாத்தியே, அப்பாவுக்கும் இதுதான் வசதி" என்றார் அக்கா.

இன்னொரு நாள் மாளிகை பார்வையாளர்களுக்குத் திறந்திருந்தது. உள்ளே விளக்கம் சொன்ன பெண்மணி, அந்தக் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் இருந்ததாக ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். எனக்கு அதற்குமேல் வேறொன்றும் காதில் ஏறவில்லை. வெளியே வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அவர் நேரே போய் அந்த மதிலில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டி உட்கார்ந்து, சம்பல் வைத்த பாண் ரொட்டியை எடுத்துக் கடித்தார்.

"எங்கடை தேயிலைக் காசிலை கட்டினதெண்டா நான் சாயலாம்தானே?"

"எங்கடை எண்டு சொல்லேலாது அக்கா. அந்தக் கொழுந்து எடுத்தது மலையகச் சனம். யாழ்ப்பாணத்தார் இல்லை."

அவர் மென்றுகொண்டே யோசித்தார். "அது சரி. அப்ப அவை வரும்வரைக்கும் இடம் பிடிச்சு வைக்கிறன்."

இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சிரிக்காதவர்களே அதிகம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் அந்த மதிலில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்திருப்பீர்கள்.

அவருக்குக் கோபம் வரும் பேச்சு ஒன்று உண்டு. வெண்மையான அந்தப் பாதையைப் பார்த்துப் புதிதாக வரும் யாராவது, "எங்கடை ஊர் மாதிரியே கிடக்கு, அங்கையும் சுண்ணாம்புக் கல்லுத்தானே" என்று தொடங்குவார்கள். அக்கா அவர்களை முடிக்க விடுவதில்லை. "ஊர் மாதிரி இல்லை. இது இது மாதிரிக் கிடக்கு. வந்ததுக்கு இதைப் பார்" என்பார். அது கடுமையாக இருக்கிறது என்று நான் ஒருமுறை சொன்னேன். இருக்கட்டும் என்றார்.

கடைசியாக அவர் வந்தது ஏப்ரலில். என்ன நோய் என்று எங்களில் யாருக்கும் சரியாகச் சொல்லவில்லை. நாங்கள் கேட்கும்படியும் விடவில்லை. சரிவின் அடியில் ஒரு வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, மேலே போய் என்ன பூத்திருக்கிறது என்று பார்த்து வரும்படி எங்களை அனுப்பினார். திரும்பி வந்து மஞ்சள் பூ என்றோம். "எந்த மஞ்சள்? முட்டை மஞ்சளோ, மாம்பழ மஞ்சளோ? தலை குனிஞ்சு நிக்குதோ, நிமிந்து நிக்குதோ?" எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. யோகனைத் திரும்பவும் மேலே ஓடவைத்தார்.

அந்தியேட்டி, அதுதான் முப்பத்தோராம் நாள் கிரியை, கோயில் மண்டபத்தில் சுருக்கமாக முடிந்தது. சாம்பலைக் கடலில் கரைக்கலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். குணம் அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பிடித்த இடம் அந்த மேடு, அங்கேதான் தூவவேண்டும் என்றார். அடுத்த நடையில் தானும் வருவதாக எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். முழங்கால் வலியும் கிரிக்கெட்டும் காரணமாக அவர் இதுவரை ஒரு நடைக்கும் வந்தவர் அல்லர். அந்த மேட்டை அவர் கண்டதே இல்லை.

சாம்பலும் மண்ணுக்கு ஒரு வகைப் பசளைதான். இதை அவரிடம் யார் சொல்வது? நாம் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டோம். நீ சொல்லு, நீ சொல்லு என்று கடைசியில் என் தலையில் விழுந்தது. நடைக்கு முந்தைய நாள் மாலை அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். அவர் தேநீர் போட்டார், சீனி கூடிவிட்டது. சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"அக்காதான். சாம்பலைப் பற்றி இல்லை. மண்ணைப் பற்றி."

"என்னட்டையும்தான் சொன்னவ. குசினியிலை நிண்டு நிண்டு சொன்னவ. தன்னைப் பற்றிச் சொல்லேல்லையே." பிறகு குரல் உயர்ந்தது. "அவ்வளவு பெரிய மலை. இவ ஒரு மனுசி. அதுவும் எவ்வளவு மெலிஞ்சு போனவ. என்ன செய்துபோடும் அந்தப் புல்லை?"

ஒன்றும் செய்யாமலும் விடலாம் அண்ணை, எனக்கு உண்மையாகவே தெரியாது என்றேன். ஆனால் அங்கே தங்கள் ஆட்களின் சாம்பலைத் தூவ விரும்புகிறவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல என்றும் சொன்னேன். அவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்குப் பாப்பம்" என்றார். செய்தது சரியா என்று தெரியாமலே எழுந்து வந்தேன்.

அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது பூக்களின் பெயர்கள் அல்ல. அவற்றில் பாதி பிழை. ஓர் இடத்தை வேறெதனோடும் ஒப்பிடாமல், அது இருக்கிறபடி கொஞ்ச நேரமாவது பார்ப்பது என்ற பழக்கத்தைத்தான் அவருடையதாக வைத்திருக்கிறேன். எனக்கு அது சுலபமாக வருவதில்லை. முயல்கிறேன்.

மறுநாள் நடந்தது இது. குணம் அண்ணை காலில் புதுச் சப்பாத்தும் தோளில் ஒரு முதுகுப் பையுமாக வந்தார். பைக்குள் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் கேட்கவில்லை. மரச்சாலையில் மெதுவாகவும் சரிவில் இன்னும் மெதுவாகவும் நடந்தார். யோகன் பையை வாங்கக் கை நீட்டியபோது, "வேண்டாம், எனக்குப் பாரமில்லை" என்றார். மேட்டில் வெயில் அடித்தது. புல்லில் உட்கார்ந்து பையைத் திறந்தார். தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்துவிட்டுப் பையை மூடினார். பிறகு குனிந்து, தன் காலடியில் நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு சின்னனே?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம் அண்ணை, சின்னன்தான்."

"நான் பெரிய பூவாக்கும் எண்டு நினைச்சன். அவ கதைச்ச கதைக்கு."

காட்டுக்குள்ளால் இறங்கும்போது அடுத்த நடை எப்போது என்று கேட்டார். சொன்னேன். "அப்ப அதுக்கும் இவவைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். காரில் ஏறியதும் பையை மடியில் வைத்துக்கொண்டார். யோகன் சீட் பெல்டை நன்றாக இழுத்து, பையையும் சேர்த்துப் போட்டுவிட்டார்.