இன்சுலேஷனில் இருந்த அப்பா

அப்பா இன்சுலேஷனில் இருந்தது 2009ஆம் ஆண்டில், வேளாங்கண்ணிக் கொடியேற்றம் முடிந்து காலாண்டுத் தேர்வு தொடங்குவதற்கு இடைப்பட்ட நாட்களில். பன்றிக் காய்ச்சல் என்ற பெயரைத் தமிழ்நாடு முதன்முதலாகக் கேட்ட ஆண்டு அது. எனக்கு எட்டு வயது. 'ஐசொலேஷன்' என்றுதான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் அன்று யாரும் அப்படிச் சொல்லவில்லை. நடந்ததை நடந்த தேதியிலும் சொன்னதைச் சொன்னபடியும் குறித்துவைப்பது என் பழக்கம் என்பதால், அதைத் திருத்தாமல் விடுகிறேன்.

விருத்தாசலத்தில் இன்சுலேஷன் தெரியாத ஆள் அபூர்வம். கரண்டு பாயாமல் தடுக்கக் கம்பங்களில் பொருத்தும் பீங்கான் இன்சுலேட்டர்கள் எங்கள் பக்கத்தில்தான் வார்த்துச் சுடப்பட்டன. கழித்துப் போட்டவை கதவுக்கு முட்டுக்கொடுக்கவும் துளசிச் செடிக்கு வரப்புக் கட்டவும் வீடு வீடாக வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு அவற்றைச் செய்யும் ஒரு யூனிட்டில் வேலை. சூளையிலிருந்து வந்த பீங்கானைத் தட்டி, ஓசை கேட்டு, விரிசல் விட்டதை ஒதுக்க வேண்டும். அதில் அம்மாவுக்குப் பிடித்தது 'முட்டை'. கம்பத்தை இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியின் நடுவே கோப்பார்களே, முட்டை வடிவத்தில், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு துளைகளோடு, அது. மேல் கம்பி ஒரு துளையில், கீழ்க் கம்பி மற்றதில், ஒன்றின் வளையத்துக்குள் மற்றதன் வளையமாக.

"ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடாது. ஆனா வுடாது," என்பாள் அம்மா. "முட்டை ஒடஞ்சே போனாலும் கம்பி ரெண்டும் கோத்துக்கிட்டுதான் நிக்கும், பாத்துக்க."

அப்பா பஹ்ரைனில் எலக்ட்ரீஷியன். இதற்கு முன்பு அவர் விடுப்பில் வந்தபோது நான் மிகச் சிறியவள். புகைப்படம் இருக்கிறது, நினைவு இல்லை. என் வகுப்பில் ஒருத்தி, எனக்கு அப்பாவே கிடையாது, போனில் பேசுவது என் சித்தப்பாதான் என்று பரப்பிக்கொண்டிருந்தாள். எனவே அந்த விடுப்பில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அப்பா என் கையைப் பிடித்து, அவள் கண் முன்னால், என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். விடுப்பு ஒரே மாதம்.

அவரை அழைத்துவரச் சித்தப்பா வாடகைக் காரில் சென்னை விமான நிலையத்துக்குப் போனார். கார் தெருமுனையில் வந்து நின்றது. நான் ஓடினேன். பின் கண்ணாடிக்குள் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் கட்டிய ஒருவர், வராதே என்று உள்ளங்கையைக் காட்டினார். கதவு திறக்கவில்லை. உளுந்தூர்ப்பேட்டை தாண்டும்போதே காய்ச்சல் கொதித்ததாம். எங்களைப் பார்த்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவரேதான் சொன்னாராம். கார் கடலூர்ப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் சித்தப்பா திரும்பி வந்தார். ஆங்கிலம் தெரிந்தவர் என்று எங்கள் வீட்டில் பெயர் பெற்றவர் அவர்.

"அண்ணன இன்சுலேசன்ல வச்சிருக்காங்க அண்ணி. யாரும் கிட்டப் போவக் கூடாதாம்."

"இன்சுலேசனா?" என்றாள் அம்மா. "நல்லாக் கேட்டீங்களா?"

"பெரிய டாக்டரே சொன்னாருங்க. எனக்கென்ன காது செவிடா?"

எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இதுக்குப் போயி கடலூரு வரைக்கும் எதுக்கு? உன் கம்பெனிலயே ஒரு ஓரமா உக்கார வச்சிருக்கலாமேடி."

கார் போனதிலிருந்து அழுதுகொண்டிருந்த அம்மா அப்போது சிரித்துவிட்டாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா கரண்டு வேலை பார்ப்பவர். அவர் உடம்பில் கரண்டு ஏறிவிட்டது. தொட்டால் எனக்கும் அடிக்கும் என்றுதான் காரை விட்டு இறங்கவில்லை. "அப்பா மேல கரண்டு இருக்குதாம்மா?" என்று கேட்டேன். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "ம்," என்றாள். அந்த ஒரு 'ம்' எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒதுக்கிப் போட்ட பீங்கானில் கைக்கு அடக்கமான ஒரு முட்டையைத் தேர்ந்தெடுத்து, ஒரு துளையில் என் சிவப்பு ரிப்பனைக் கோத்து முடிச்சுப் போட்டேன்.

அந்த வாரமே அம்மாவும் சித்தப்பாவும் என்னைக் கூட்டிக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினார்கள். உள்ளே விடவில்லை. முகமூடி போட்ட நர்ஸ் ஒருவர் கதவருகே வந்தார். நான் முட்டையை நீட்டினேன்.

"என்ன பாப்பா இது?"

"இன்சுலேட்டரு. இந்தப் பக்கம் நான் புடிச்சுக்குவேன். அந்தப் பக்கம் அப்பா புடிச்சுக்கலாம். ஷாக் அடிக்காது."

நர்ஸ் அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள். நர்ஸ் சித்தப்பாவிடம், "இன்சுலேஷன் இல்லீங்க, ஐசொலேஷன்," என்றார்.

"அதத்தாங்க நானும் சொன்னேன்," என்றார் சித்தப்பா.

நர்ஸ் முட்டையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, "நீ சொன்னத அப்பாகிட்டச் சொல்றேன்," என்று உள்ளே எடுத்துப் போனார்.

பின்னாளில் அகராதிகளைப் புரட்டும் ஆசை வந்தபோது, முதலில் தேடிய இரண்டு சொற்கள் இவைதான். இரண்டுக்கும் மூலம் ஒன்றே. லத்தீனில் 'இன்சுலா' என்றால் தீவு. இன்சுலேஷன் அந்தச் சொல்லிலிருந்து நேராக ஆங்கிலத்துக்கு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் மின்சாரத்தை ஆராய்ந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஐசொலேஷனின் வழி சுற்றுவழி. இத்தாலியம் போய், பிரெஞ்சு போய், வழியில் 'ன்' ஒலியைத் தொலைத்துவிட்டுப் பிறகு வந்து சேர்ந்தது. பொருளும் வழியில் பிரிந்துபோனது. ஒருவரை யாரும் நெருங்காமல் ஒதுக்கிவைப்பது ஒன்று. இடையில் ஒன்றை வைத்து, அஞ்சாமல் நெருங்க வழிசெய்வது மற்றொன்று. சித்தப்பா பிழையாகச் சொன்னார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வாரம் எங்களுக்குத் தேவைப்பட்டது அவர் சொன்ன சொல்தான். அப்பா வேலை பார்த்த பஹ்ரைனும் ஒரு தீவு என்பதை வரைபடத்தில் கண்டபோது விரலை அங்கிருந்து விருத்தாசலம் வரை இழுத்துப் பார்த்தேன்.

அப்பா குணமாகி வந்தார். இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து முட்டையை எடுத்தார். ஒரு துளையில் என் ரிப்பன். மற்றதில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியை நீளமாகக் கிழித்து அவரே கோத்திருந்தார். துணியின் நுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு ரிப்பனை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு அப்படியே நடந்தோம். ரிப்பனின் நுனியில் நான், துணியின் நுனியில் அப்பா, நடுவில் பீங்கான் முட்டை ஆடிக்கொண்டு வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளி வாசலில், எனக்கு அப்பாவே கிடையாது என்று பரப்பிய அந்தப் பெண் நின்றிருந்தாள்.

அப்பா குனிந்து மெதுவாகக் கேட்டார். "கரண்டு போயிடுச்சா, கொஞ்சம் தொட்டுப் பாக்குறியா பாப்பா?"

சுண்டுவிரலால் அவர் புறங்கையைத் தொட்டேன். ஒன்றும் அடிக்கவில்லை. பிறகு முழுக் கையையும் பிடித்துக்கொண்டு, அவள் நன்றாகப் பார்க்கும்படி, தேவைக்கு மேல் மெதுவாக உள்ளே நடந்தேன்.

விடுப்பு முடிந்து அப்பா போனார். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு ஒரேயடியாகத் திரும்பி வந்தார். இப்போது வீட்டில் ஃப்யூஸ் போனால், யார் போடுவது என்று அவருக்கும் அம்மாவுக்கும்தான் சண்டை.

அந்த விடுப்பு முடிந்து அவர் பஹ்ரைன் போன அன்று மாலை, அம்மா அந்த முட்டையைக் கழுவி, ரிப்பனையும் துணியையும் அவிழ்க்காமல் மாதா படத்தின் ஆணியில் மாட்டினாள். தூசி தட்டும்போதெல்லாம், தொடாது, ஆனா வுடாது என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். அவள் பீங்கானைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.