மல்லாந்து கிடக்கும் சொறி

காலை ஆறே முக்காலுக்குத் திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறினேன். முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் வழியிலுள்ள ஒவ்வொரு ஊரிலும் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகிற பஸ் அது. நான் விலங்கியல் ஆசிரியை. தலைகீழ் ஜெல்லி மீனை வருடாவருடம் கரும்பலகையில் வரைந்தவள், கண்ணால் கண்டதில்லை. எங்கள் பள்ளி உதவியாளர் முருகன், தன் அக்கா அஞ்சலையின் உப்பளக் குட்டையில் எடுத்த படத்தை நேற்றுக் காட்டினார். கூடவே ஒரு குண்டையும் போட்டார்: "நாளைக்கு மத்தியானம் அந்தக் குட்டைல பிளீச்சிங் பவுடர் கொட்டப் போறாங்க டீச்சர்." அதற்குப் பிறகு எங்கே தூக்கம்!

எட்டேகாலுக்கு மரக்காணம். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

"உப்பளத்துல என்னா வேலைங்க?" என்றார் டிரைவர்.

"சொறி பாக்கப் போறேன்."

"சொறின்னா டாக்டர்தானங்க பாக்கணும்?"

இந்தக் கரையில் ஜெல்லி மீனுக்கும் அரிப்புக்கும் ஒரே பெயர். காரணம் அஞ்சலையின் கால்களைப் பார்த்ததும் புரிந்தது. முழங்கால்வரை சிவந்து தடித்திருந்தது. பாத்திகளுக்கு நீர் பாய்ச்சுமுன் கழிமுகத் தண்ணீரைத் தேக்கும் குட்டை அது. தினமும் இறங்கிப் பாசி வாராவிட்டால் மடை அடைத்துக்கொள்ளும்.

"எறங்கினாலே எரியுது டீச்சர். எல்லாம் மல்லாந்து சாவக் கெடக்குது, அந்த வெசந்தான்" என்றார். அவர் கணவர் ஏழுமலை பவுடர் மூட்டையோடு தயாராக நின்றார்.

குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்தில், குடைப்பகுதி சேற்றில் படிய, பழுப்புக் கைகளை வானத்துக்கு விரித்தபடி கிடந்தன. குடையின் ஓரம் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா உசுரோடதாங்க இருக்குது. கையில பாசி மாதிரி நுண்ணுயிர் குடியிருக்கு. அதுக்கு வெயில் வேணும். வெயில்ல அது சமைக்கிறதுதான் இதுக்கு முக்கால்வாசிச் சாப்பாடு. அதான் மல்லாந்தே கெடக்குது" என்றேன்.

அஞ்சலை விழித்தார். "அய்யய்யோ! எவனோ புரட்டிப் போட்டுட்டுப் போறான்னு, பாவம் பாத்து தெனமும் பலகையால திருப்பி வுடறேனே!"

சொல்லிக்கொண்டே கரையோரம் கிடந்த ஒன்றைப் பலகையால் புரட்டியும் காட்டினார். உடனே தண்ணீரில் கோழை போல ஏதோ கலங்கியது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சீண்டினால் அது கோழை கக்கும். அதில் தேள்போலக் கொட்டும் நுண்ணிய துணுக்குகள் மிதக்கும். தொடவே வேண்டாம், தண்ணீரே கடிக்கும். இரக்கப்பட்டு அரிப்பை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். "திருப்பாம, சீண்டாம எறங்கினா இப்படி அரிக்காது, பவுடரும் வேணாம்" என்றேன்.

"சொல்றது ஈஸி. நீங்க எறங்கிக் காட்டுங்க" என்றார் ஏழுமலை.

சொல்லில் வீரம் காட்டியாயிற்று; இனிப் பின்வாங்க முடியாது. இன்று யாரும் சீண்டாத எதிர்மூலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பயமாகத்தான் இருந்தது. எதையும் மிதிக்காமல் மெல்ல நடந்து, ஒரு கூடை பாசி வாரினேன். கணுக்காலில் லேசாகச் சுருக்கென்றது, அவ்வளவுதான். அஞ்சலை என் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த மூட்டைய வூட்டுக்குத் தூக்கினு போ" என்றார் கணவரிடம்.

பத்தரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அஞ்சலை என்னை வழியனுப்ப வரவில்லை. தான் புரட்டிவிட்ட அந்த ஒன்றின் எதிரே குந்திக்கொண்டிருந்தார். அது குடையைச் சுருக்கி எழும்பி, தடுமாறி, தானாகவே மறுபடி மல்லாந்து படுத்தது.

"அட, நீயேதானா? இத்தினி நாளா எவனையோ திட்டினு இருந்தேனே!" என்றவர், பலகையைக் கரையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "கெட தாயி, உன் இஷ்டத்துக்குக் கெட."