லேப்பில் நான் போட்ட முடிச்சு

ஜெர்மனிக்குப் படிக்கப் போன நாலாவது மாசம், ஒரு மத்தியானம் நான் பண்ணி வெச்ச வேலையை இப்ப நினைச்சாலும் முதல்ல பயந்தான் வருது. அப்புறம்தான் சிரிப்பு வருது.

ஆரணியில எங்களுது தறி வீடு. ஒரு தறியில அப்பா, இன்னொண்ணுல சித்தப்பா. தொண்ணூறுகள்ல நான் ஸ்கூல் படிச்சுகினு இருந்தப்போ எனக்குன்னு ஒரு வேலை இருந்துச்சு. தறியில நீளவாக்குல பூட்டின பாவு நூல்ல இழை அந்துபோனா உடனே எடுத்து முடிச்சுப் போடணும். ஆயிரக்கணக்கான இழையில ஒண்ணே ஒண்ணு விட்டுப்போனாலும் புடவையில கோடு விழுந்துடும். அப்பா அதிர்ந்து பேசாத மனுஷன். ஆனா இந்த ஒரு விஷயத்துல மட்டும் தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவாரு: "ஏய், அந்துகினு கெடக்குது, பாத்துகினு நிக்கிறியே!" சோத்துல கை வெச்சிருந்தாலும் கழுவிட்டு ஓடணும். விரல் நுனியை நாக்குல தொட்டுக்கணும், ஒரு துண்டு நூல் வெச்சு ரெண்டு பக்கமும் முடி, நீட்டிகினு இருக்கிற முனையைப் பல்லால ஒரு கடி. பத்து வயசுலயே எனக்குக் கண்ணை மூடிகினு வரும்.

அந்தக் கையைத்தான் நான் பெட்டி படுக்கையோட ஜெர்மனிக்கும் எடுத்துகினு போயிட்டேன். படிப்பும் நெசவு சம்பந்தப்பட்டதுதான், மேல்படிப்பு. ஊருக்குப் புதுசு, பேச்சு பாதி புரியாது, குளிரு வேற. லேப்புல எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தது அங்கயே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணிகினு இருந்த ஒரு பொண்ணு. என்னைவிட ஆறு வயசு பெரியவங்க. அங்க எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம். எனக்கு வாய் வரலை. மனசுக்குள்ள அக்கான்னே வெச்சுகினேன்.

அக்கா மூணு வருஷமா ஒரே வேலையைப் பண்ணிகினு இருந்தாங்க. பட்டு நூலுக்கு ஒரு புதுப் பூச்சு கண்டுபிடிச்சு, அதைப் பூசின நூல் எவ்ளோ தாங்குதுன்னு பாக்குறது. இருபது இழையை வரிசையா ஒரு மெஷின்ல மாட்டுவாங்க. அது ராப்பகலா இழுத்து இழுத்து விடும். ஒரே ஒரு இழை அந்தாலும் நின்னுடும். எத்தனையாவது இழுப்புல அந்துச்சோ அதை எழுதிக்கணும். அந்த எண்ணிக்கைதான் ஆராய்ச்சியே. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும்.

அன்னிக்கு அக்கா சாப்பிடப் போயிருந்தாங்க. நான் மறந்து வெச்ச நோட்டை எடுக்க உள்ள போனேன். மெஷின் நின்னுகினு இருந்துச்சு. ஏழாவது இழை அந்து தொங்குது. பக்கத்துலயே அதே நூல்கண்டு. அவ்ளோதான். நாக்குல விரல், ரெண்டு முடிச்சு, பல்லால ஒரு கடி. நோட்டை எடுத்துகினு கிளாசுக்குப் போயிட்டேன். ஏதோ பண்ணினோம்ங்கிற நினைப்புகூட எனக்கு இல்லை. கொசு கடிச்சா சொறிஞ்சுக்கிறதை யாரு நினைச்சுப் பாக்குறாங்க?

மறுநாள் லேப்புக்குப் போனா, அக்கா புரொபசர் கையைப் பிடிச்சுக் குலுக்கிகினு இருக்காங்க. "நேத்து மெஷின் சும்மாவே ஒரு தடவை நின்னுடுச்சு. பாத்தா ஒரு இழையும் அந்துபோகலை. திரும்ப ஓட விட்டேன், இன்னும் ஓடுது! இதுவரைக்கும் வந்ததைவிட ரெண்டு மடங்கு தாண்டிடுச்சு!" புரொபசர் வெள்ளிக்கிழமை மீட்டிங்ல எல்லாருக்கும் காட்டச் சொல்லிட்டாரு.

எனக்கு அப்பதான் உறைச்சுது. அடிப்பாவி, அந்து தொங்கினதை முடிஞ்சவ நான்தானே!

சொல்லலைன்னா அந்த அக்கா படிப்புல ஒரு பொய் ஏறிடும், அதுவும் என்னால. சொன்னா என்னை லேப்பை விட்டே துரத்துவாங்க. லேப் இல்லைன்னா படிப்பு இல்லை, அடுத்த பிளேன்ல ஆரணி. அப்பா தெருவுல ஒரு வீடு விடாம சொல்லி வழியனுப்பின பொண்ணு, நாலு மாசத்துல எந்த மூஞ்சை வெச்சுகினு திரும்பிப் போவேன்? ரெண்டு நாள் வாயைத் திறக்கலை. சாப்பாடு இறங்கலை. அந்த மெஷினும் பாழாப்போனது, நிக்கவே மாட்டேங்குது.

புதன்கிழமை வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மாதான் எடுத்தாங்க. அழுதுகினே எல்லாத்தையும் சொன்னேன். அம்மா பொறுமையா கேட்டுட்டு, "முடிச்சு நின்னுச்சாடி?"ன்னாங்க.

"நின்னுச்சும்மா. இன்னும் ஓடிகினு இருக்குது."

"அப்ப கை மறக்கலை. போ, ஜல்தியா போய் அந்தப் பொண்ணாண்ட சொல்லிடு. உள்ள வெச்சுகினு ஏன் பேஜார் படுற?"

எங்கம்மாவுக்கு என் வயித்தெரிச்சல் எங்க புரியுது! ஆனா மறுநாள் காலையில நேரா அக்காகிட்டதான் போனேன். கையைக் காலை ஆட்டி, அரைகுறை ஜெர்மன்ல பாதி, இங்கிலீஷ்ல பாதி சொல்லி முடிச்சேன்.

அக்கா என்னையே பாத்தாங்க. அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. கண்ணுல தண்ணி. சரி, நம்ம கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

"நீயா? நிஜமா நீதானா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டுட்டு, எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுகினாங்க. ஆச்சரியமா இருந்துச்சு. விஷயம் என்னன்னா, அவங்களும் என்னை மாதிரியே சாப்பிடாமத்தான் இருந்திருக்காங்க. நூல் ரெண்டு மடங்கு தாங்க நியாயமே இல்லை. அப்ப மெஷினைத் தப்பா பூட்டிட்டோமோ, அப்படின்னா மூணு வருஷம் எழுதின கணக்கும் தப்போன்னு உள்ளுக்குள்ள செத்துகினு இருந்தாங்களாம். புரொபசர் முன்னாடி காட்டின சந்தோஷம் எல்லாம் வெளிவேஷம். "என் மெஷின் சரியாத்தான் இருக்குது!"ன்னு கத்தினாங்க. மெஷின் முதல்ல நின்ன எண்ணிக்கையை எடுத்துப் பாத்தோம். முந்தி எழுதினதுங்களோட அப்படியே பொருந்துச்சு. அப்பாடா! ரெண்டு நாளா நெஞ்சுல ஏறி உக்காந்திருந்த கல்லு இறங்குச்சு. எனக்குப் பசி எடுத்துச்சு.

அக்கா லென்ஸ் வெச்சுத் தேடியும் முடிச்சு கிடைக்கலை. நான் கண்ணை மூடிகினு விரலை ஓட விட்டு, "இந்தா"ன்னு காட்டினேன். புரொபசர்கிட்ட அவங்களே போய் சொன்னாங்க. அவரு என்னைக் கூப்பிட்டு அந்த முடிச்சை இன்னொரு தடவை போடச் சொல்லிப் பாத்தாரு. துரத்தலை. எச்சில் மட்டும் வேணாம்னாரு.

அடுத்த வாரம் புது இழை மாட்டினோம். ஒருநாள் நான் பக்கத்துல இருக்கும்போதே மெஷின் நின்னுச்சு. பன்னெண்டாவது இழை. அக்கா என்னைப் பாத்து விரலை ஆட்டினாங்க. நான் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிகினேன். விரல் தானா துடிக்குது. அக்கா எண்ணிக்கையை எழுதி முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்னேன்.

ஞாயித்துக்கிழமை போன்ல அப்பா கிடைச்சாரு. பெருமையா சொன்னேன்: "அந்துகினு கெடந்துச்சுப்பா. நான் தொடவே இல்லை, பாத்துகினேதான் நின்னேன்."



"எப்டிமா மனசு வந்துச்சு உனக்கு?"ன்னாரு.