தாடை வலியில் தொடங்கிய தைராய்டு

ஐப்பசியில் எனக்குக் கொரோனா வந்தது. ஐந்து நாள் காய்ச்சல், இரண்டு வாரம் தனி அறை. மூக்குக்கு வாசனை திரும்பியதும், ராசிபுரத்தில் நான் வேலை பார்க்கும் பட்டுச் சேலைக் கடைக்குப் போய்விட்டேன். பெரிய வியாதியைச் சுலபமாகத் தாண்டிவிட்டதாக வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

ஒரு மாதம் கழித்து தாடை வலித்தது. எச்சில் விழுங்கினால் காது வரை இழுத்தது. கடைவாய்ப் பல்தான் என்று நானே முடிவு செய்து பல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார்.

"எல்லாப் பல்லும் நல்லா இருக்குதுங்க. எதைப் புடுங்கறது?"

"உங்களுக்கு எது சுலபமோ அதைப் புடுங்குங்க."

என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. விடியற்காலையில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். பக்கத்தில் என் மனைவி இரண்டு போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"ஏனுங்க, கோயில்ல பாட்டுப் போடற நேரத்துல யாராச்சும் ஃபேனு போடுவாங்களா?"

"எனக்கு வேகுது."

"எனக்கு வெறைக்குதுங்க!"

காலையில் பதினோரு இட்லி சாப்பிட்டேன். ஆனாலும் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. நெஞ்சு, மாடிப்படி ஏறியதுபோல எந்நேரமும் அடித்துக்கொண்டது.

அந்த வாரம் ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் கடைக்கு வந்தார்கள். மாம்பழ நிறத்தில் ஒரு சேலை கேட்டார்கள். நான் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே நாற்பது சேலைகளை விரித்துவிட்டேன்.

"பொறுங்க சாமி, பொண்ணு இன்னும் ஒண்ணையே முழுசாப் பாக்கல" என்றார் பெண்ணின் தாயார். பிறகு உற்றுப் பார்த்து, "சேலை ஏனுங்க நடுங்குது?" என்றார்.

நடுங்கியது என் கை. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "பாக்கறதுக்குத்தான கண்ணு இருக்குது!" என்று கத்திவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் அந்தக் கடையில் நான் குரலை உயர்த்தியதில்லை. முதலாளி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என் மனைவிக்குப் போன் போட்டார்.

மறுநாள் அவள் என்னைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் என் கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்தார். நான் நாற்காலியோடு எகிறினேன்.

"கொரோனா வந்துச்சுங்களா?"

"வந்து போயிருச்சுங்க."

"போறப்ப தைராய்டை வீங்க வெச்சுட்டுப் போயிருக்கும்னு நெனைக்கிறேன். டெஸ்ட் பண்ணிரலாம்."

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அதையே காட்டின. சுரப்பி வீங்கி, சேர்த்து வைத்திருந்த ஹார்மோனையெல்லாம் ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டிவிட்டதாம். வேர்வை, படபடப்பு, நடுக்கம், எரிச்சல் எல்லாம் அதனால்தானாம். வீக்கத்துக்கு ஒரு மாத்திரையும் படபடப்புக்கு ஒரு மாத்திரையும் எழுதினார்.

என் மனைவிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "அப்ப இவரு கத்துனதெல்லாம் தைராய்டுங்களா?"

"பெரும்பாலும்."

"மிச்சமுங்க?"

டாக்டர் குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார். ஹார்மோன் இருப்பு தீர்ந்தபின் கொஞ்ச நாள் எல்லாம் தலைகீழாகலாம், மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அப்படியே ஆயிற்று. பங்குனி வெயிலில் நான் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சேலையை எடுத்து மடிப்பைப் பிரிப்பதற்குள் எனக்குக் கொட்டாவி வந்தது. கேட்டவர் வேறு கவுண்டருக்குப் போய் வாங்கிக்கொண்டு கிளம்பியே விட்டார். எடையும் ஏறியது. பயந்துபோய் ஓடினேன். டாக்டர், "இதுவும் சரியாகும், பொறுங்க" என்றார்.

ஆடியில் எடுத்த பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதுமாம்.

இப்போது யாராவது தன் கழுத்தைத் தடவினாலே எனக்குப் பொறுக்காது. போன வாரம் சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அப்படித் தடவினார். நான் சேலையைக் கீழே வைத்துவிட்டு, கொரோனா, தைராய்டு, ரத்தப் பரிசோதனை என்று கால் மணி நேரம் விளக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புதுச் சங்கிலிங்க. உறுத்துது."