ஆறாவதாக வருபவனுக்காக ஓடச் சொன்ன அண்ணன்

கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து, ஓராண்டுக்கு முன் எங்களை விட்டுப் பிரிந்த என் அண்ணனைப் பற்றி எழுத இந்த நினைவு மலரில் எனக்கு இடம் தந்திருக்கிறார்கள். "அடக்கமாக எழுதம்மா" என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். அடக்கமெல்லாம் அண்ணனோடு சரி. அவர் பெருமையை அவர் பேச மாட்டார், நானும் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

அப்பா ரயில் பாதை வேலைக்காகக் குடும்பத்தைக் கோலாலம்பூருக்கு அழைத்து வந்தபோது அண்ணன் சிறு பிள்ளை. அவர் பள்ளிப்படிப்பை முடிக்கும் முன்பே அப்பா காலமானார். அம்மா இரண்டு மாடு வைத்துக் குடும்பத்தை இழுத்தார். அண்ணன் விடியற்காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு, மணி அடிப்பதற்குள் பள்ளிக்கு ஓடுவார். அந்த ஓட்டமே பிறகு அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. படித்த ஆங்கிலப் பள்ளியிலேயே கணக்கு வாத்தியாராகச் சேர்ந்ததும், வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் நெடுந்தூர ஓட்டக் குழுவையும் அவர் கையில் கொடுத்தார்.

அந்த நாளில் பயிற்சி என்றால் என்ன? தினமும் மாலை, மூச்சு முட்டும்வரை ஓடு, வாந்தி எடு, வீட்டுக்குப் போ. மாணவராக இருந்தபோது அண்ணனும் அப்படித்தான் ஓடி, போட்டியன்று கால் மரத்துப்போய் நின்றவர். "தெனம் அடிச்சா மாடுகூட பால் குடுக்காதும்மா" என்று அம்மாவிடம் சொல்வார். அதனால் அவர் வகுத்த பயிற்சி வேறு மாதிரி இருந்தது. வாரத்தில் இரண்டே நாள் கடுமை. ஒரு நாள், தந்திக் கம்பத்துக்குத் தந்திக் கம்பம் விரட்டி ஓடி, அடுத்த கம்பம் வரை மெல்ல ஓட வேண்டும். இன்னொரு நாள் பங்சார் ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏறி இறங்க வேண்டும். மற்ற நாள்களில் பேசிக்கொண்டே ஓட வேண்டும். எவனுக்காவது பேச்சு வரவில்லையென்றால் குழுவில் இருந்த ஆறு பேரும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

தெருவே சிரித்தது. "என்ன வாத்தியாரே, இது ஓட்டமா, பொண்ணு பாக்கப் போறதா?" என்று கேட்காத ஆள் இல்லை.

சிரித்தவர்களுக்குத் தோதாக முதல் வருஷமே மானம் கப்பலேறியது. கிள்ளானில் நடந்த பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் நம் பிள்ளைகள் பாதி வழியிலேயே சுருண்டார்கள். ஒருவன் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். இன்னொருவன் புதருக்குள் போனவன் வெளியே வரவே இல்லை. ஆ செங் என்ற சீனப் பையன் ஒருவன் மட்டும் சிட்டாகப் பறந்து முன்வரிசையில் வந்தான். தலைமையாசிரியர் அண்ணனைக் கூப்பிட்டு, இன்னொரு வருஷம்தான் அவகாசம், அதிலும் தோற்றால் ஓட்டக் குழுவையே கலைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "எல்லாருக்கும் ஒரே பயிற்சிதானே? ஆ செங்குக்கு மட்டும் எப்படி ஒத்துக்கிச்சு?" என்று தானாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அன்று காலைதான் குழாயடியில் பெண்கள் பேசியது என் காதில் விழுந்திருந்தது.

"அண்ணே, ஆ செங்கோட அம்மாவுக்கு வெளக்கெண்ணெய்னா என்னான்னு தெரியாது. அதான் அவன் தப்பிச்சான்."

விஷயம் இதுதான். பெரிய போட்டி வருகிறதே, பிள்ளைகள் வயிறு சுத்தமாக இருந்தால்தானே உடம்பு லேசாகும் என்று குழாயடியில் தாய்மார்கள் கூடி முடிவு செய்து, போட்டிக்கு முந்தின நாள் விடுமுறையாகவும் இருந்ததால், ஐந்து வீட்டிலும் பேதிக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு ரசஞ்சோறு. போதாததற்கு, சாயங்காலம் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளியல் வேறு! மகராசிகள் பாசத்தாலேயே பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டார்கள்.

வேறு வாத்தியாராக இருந்தால் அந்த அம்மாக்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஐந்து வீட்டுக்கும் போனார். நானும் கூடப் போனேன். குழுவிலேயே மெதுவாக ஓடும் மாணிக்கத்தின் அம்மா பார்வதியக்காதான் சண்டைக்கு நின்றார்.

"ஏன் தம்பி, புள்ளைங்க காலு ஒங்க பொறுப்பு, சரி. வயிறுமா ஒங்க பொறுப்பு?"

"வயிறு ஒங்க பொறுப்புதான்க்கா. அதான் ஒங்களக் கேட்டுக்கிட்டு பயிற்சி போடலாம்னு வந்தேன்."

பார்வதியக்கா உடனே பாயை எடுத்து விரித்து எங்களை உட்காரச் சொன்னார். சண்டைக்கு நின்ற ஆளுக்கு அவர் பாய் விரித்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அன்றிலிருந்து அண்ணனின் பயிற்சித் திட்டம் ஐந்து வீட்டு அடுப்படியிலும் தயாரானது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலா? அன்று ஓட்டமே கிடையாது, தூங்கட்டும். மேடு ஏறும் பயிற்சி புதன்கிழமைக்குப் போனது, ஏனென்றால் செவ்வாய்க்கிழமை பல வீட்டில் விரதச் சமையல். பேதி மருந்து கொடுத்தே தீர வேண்டுமென்றால் பள்ளி விடுமுறையின் தொடக்கத்தில் கொடுக்கலாம். போட்டிக்கு முந்தின வாரம் ஓட்டம் பாதியாகக் குறைந்தது. ஆ செங்கின் அம்மாவையும் ஒரு நாள் பார்த்து, அவன் வீட்டில் கொடுக்கும் கஞ்சியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பின் தாய்மார்களின் அதிகாரம் தாங்க முடியவில்லை. "டேய், இன்னிக்கு மெதுவா ஓடற நாளுடா, பேசிக்கிட்டே ஓடு!" என்று வாசலில் நின்று கத்துவார்கள்.

மறுவருஷம் தாய்மார்கள் நாங்களும் வருவோம் என்று அடம்பிடித்து, கிள்ளானுக்கு ரயிலேறிவிட்டார்கள். அவர்களுக்குத் துணையாக நானும் போனேன். மழை பெய்து செம்மண் பாதை சேறாகக் கிடந்தது. முதலில் வந்தவன் வேறு பள்ளிக்காரன். இரண்டாவது வந்தவனும் அதே பள்ளி. தலைமையாசிரியர், கதை முடிந்தது என்று தொப்பியைக் கழற்றிவிட்டார். பார்வதியக்கா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது மரங்களுக்கு நடுவே பேச்சுக்குரல் கேட்டது. ஆமாம், பேச்சுக்குரல்! "இன்னும் கொஞ்சந்தாண்டா மாணிக்கம், வா வா" என்று சொல்லிக்கொண்டே ஆறு பேரும் ஒன்றாக வந்தார்கள். கடைசித் திருப்பத்தில் அண்ணன் கையை உயர்த்தினார். தந்திக் கம்பப் பயிற்சியில் ஓடுவதுபோல ஆறு பேரும் அம்பாகப் பாய்ந்தார்கள். மூன்றாம் இடம் முதல் எட்டாம் இடம் வரை அத்தனையும் நம் பிள்ளைகள்.

பார்வதியக்கா அழுதுவிட்டார். "எட்டாவதா வந்துட்டானே தம்பி, எல்லாரையும் கெடுத்துட்டானே!"

"அக்கா, ஆறு பேரு வந்த எடத்தையும் கூட்டித்தான் கப்பு குடுப்பாங்க. கொறஞ்ச கூட்டுத்தொகைக்குத்தான் ஜெயிப்பு. அவங்க ஆறாவது ஆளு இன்னும் காட்டுக்குள்ள கெடக்கான். ஒங்க புள்ள இங்க நிக்கறான். கப்பு வாங்கினதே அவன்தான்!"

அவ்வளவுதான், கிள்ளான் அதிர்ந்தது. ரயில் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும்வரை குலவை நிற்கவில்லை. ஆ செங்கின் அம்மாவும் நாக்கைச் சுழற்றிப் பார்த்தார், வரவில்லை, கைதட்டினார். குழுவைக் கலைக்கும் பேச்சு அன்றோடு ஒழிந்தது. அதன்பின் கப்பு ஒருமுறைகூட நம் பள்ளியை விட்டுப் போகவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளாமலே எங்களைக் கரையேற்றினார். சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை. ஆறு நாள் கண் விழித்து மருந்து கொடுத்த டாக்டர் ஐயாவுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாள்களில் சோறு கொண்டுவந்த குழாயடிப் பெண்களுக்கும், விடுமுறை விட்டு மாணவர்களை அனுப்பிய பள்ளிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த ஆறு பேருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இப்போது மீசை வைத்த ஆண்பிள்ளைகள். ஆளுக்கொரு ஊரில் வேலையாக இருந்தவர்கள் சொல்லிவைத்தாற்போல் வந்து நின்றார்கள். பாடையை அவர்கள்தான் தூக்கினார்கள். நான் வாசற்படியோடு நின்றுவிட்டேன். ஆ செங் அவசரமாக அடி எடுத்து வைத்தபோது, பின்னாலிருந்து மாணிக்கம் சொன்னது என் காதில் விழுந்தது.

"மெதுவா போடா ஆ செங். பேசிக்கிட்டே போவோம். வாத்தியாரு நம்மகூடத்தான் வராரு."

தெருமுனை திரும்பும்வரை அவர்கள் பேசிக்கொண்டேதான் போனார்கள்.